ஃபுல் டேங்க் போட்ட இரண்டு நாளும் காருக்குள் பெட்ரோல் வாடை, புளியரை ஏற்றத்தில் தாங்க முடியவில்லை

புளியரைக்காரன் | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதமாகத் தீராத தொல்லை ஒன்று. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

வண்டி 2009 மாடல், பெட்ரோல், எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர்), சின்ன ஹேட்ச்பேக். செகண்ட் ஹேண்டாக வாங்கியது. 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. பதினாறு வருட ரப்பருக்குக் கம்பெனியைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. இந்த வகை வண்டிகளில் அமைப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: டேங்க் பின் சீட்டுக்கு அடியில், பம்ப் டேங்குக்குள், பெட்ரோல் ஊற்றும் வாய் பின்னால் இடப்பக்கம்.

நானும் மனைவியும் புனலூரில் வேலை பார்க்கிறோம். மகள் அங்கேயே இரண்டாம் வகுப்பு. காலையில் மலையேறி ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை வழியாகப் போய்ச் சாயங்காலம் திரும்புவோம். போக வர 85 கிலோமீட்டர் போல. மலை தாண்டிக் கேரளாவுக்குள் போனால் பெட்ரோல் லிட்டருக்கு ஐந்து ரூபாய் போலக் கூடுதல், அதனால் திங்கள் காலையில் இங்கேயே ஃபுல் டேங்க் போட்டுவிடுவேன். ஒரு வாரத்துக்குச் சரியாக வரும்.

போட்ட அன்றைக்கும் மறுநாளும் வண்டிக்குள் வாடை. புதன்கிழமைக்குப் பிறகு இல்லை. அடுத்த திங்கள் மறுபடி. புளியரை எஸ் வளைவில் ஏறும்போதுதான் அதிகம். மகள் பின்னால் உட்காருவாள். இன்று கோட்டைவாசல் தாண்டியதும், "அப்பா, இன்னும் பங்க்லயே நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். தென்மலை வருவதற்குள் அவளுக்குத் தலைவலி.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் டேங்க் மூடி, பெட்ரோல் ஃபில்டர், ஏசி ஃபில்டர் மாற்றினார்கள். மொத்தம் 3,400 ரூபாய். வாடை அப்படியே இருக்கிறது. அடுத்து எதை மாற்றுவது?

தென்காசி டூல்பெட்டி | திங்கள், இரவு 10.25

தம்பி, இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். நான் முப்பத்தைந்து வருடம் ஸ்பானர் பிடித்தவன், இப்போது ஓய்வில் இருக்கிறேன். வாடை எப்போது வருகிறது என்பதை நீங்களே பாதி சொல்லிவிட்டீர்கள். மீதிப் பாதியைக் கவனித்துச் சொன்னால் வீட்டிலிருந்தே இடத்தைக் குறித்துவிடலாம்.

அதற்கு முன்னால் ஒன்று. இது சரியாகும்வரை பிள்ளையைப் பின் சீட்டில் ஏற்றாதீர்கள். முடிந்தால் பஸ்ஸில் போங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. எழும்பிப் போகாது, தரையோடு தேங்கி நிற்கும். காற்றில் ஒன்றரை சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும். மூக்கு அதற்கு ரொம்ப முன்னாலேயே காட்டிக்கொடுத்துவிடும், அது நல்லதுதான். ஆனால் பத்து நிமிடம் வாடைக்குள் இருந்தால் மூக்கு பழகிவிடும். "இப்போது வாடை இல்லை" என்று வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்யாதீர்கள். இறங்கிக் கொஞ்சம் நடந்துவிட்டு வந்து முகர்ந்து பாருங்கள்.

சரி, இதைக் கவனித்துச் சொல்லுங்கள்.

இரவு கண்ணாடி ஏற்றி நிறுத்திவிட்டு, காலையில் கதவைத் திறந்ததும் எங்கே முகர்ந்தால் அதிகம்? பானட் பக்கமா, பின் சீட்டா, டிக்கியா, பெட்ரோல் மூடிப் பக்கமா?

ஓடும்போது ஃபேனை இரண்டில் வைத்து வெளிக்காற்று வரும்படி வையுங்கள். வாடை கூடுகிறதா, குறைகிறதா? முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற ஜல்லடை வழியாகத்தான் வெளிக்காற்று வருகிறது. கூடினால் இன்ஜின் பக்கம் கசிவு. குறைந்தால் பின்பக்கம், ஏனென்றால் உள்ளே வரும் காற்று வாடையைப் பின்னாலேயே தள்ளிவிடும்.

எந்தப் பக்கம் ஒடிக்கும் வளைவில் அதிகம்?

பங்க்கில் கன் தானாக நின்ற பிறகும் ஊற்றச் சொல்கிறீர்களா? பில் இருந்தால் எத்தனை லிட்டர் பிடித்தது என்று பாருங்கள்.

இந்த டேங்க்கையோ பம்ப்பையோ யாராவது எப்போதாவது திறந்திருக்கிறார்களா?

குமுளி டாக்ஸி | செவ்வாய், காலை 6.10

என் வண்டியிலும் போன வருடம் வாடை வந்தது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும், இரண்டு நிமிடத்தில் போய்விடும். பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டரின் மேல்முனையில் இருக்கிற ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வறண்டு கல் மாதிரி ஆகியிருந்தது. குளிரில் சுருங்கி ஒழுகும், இன்ஜின் சூடானதும் விரிந்து அடைத்துக்கொள்ளும். நாலு ஓ-ரிங் மாற்றினேன், முடிந்தது. உங்களுக்கும் அதுவாக இருக்கலாம், பாருங்கள் அண்ணே.

தென்காசி டூல்பெட்டி | செவ்வாய், காலை 7.00

டாக்ஸிக்காரத் தம்பி சொன்னது சரியான கதை, ஆனால் வேறு வாடை. இன்ஜெக்டர் கசிவுக்கு டேங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாது. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ரெயில் குழாயில் எப்போதும் மூன்று பார் அழுத்தம்தான், திங்களானாலும் சனியானாலும் ஒரே மாதிரி. புளியரைத் தம்பிக்குப் புதன்கிழமையோடு நின்றுவிடுகிறது. பெட்ரோல் மட்டம் இறங்கினால் நிற்கிற வாடை, டேங்க்கின் மேல்பாதியில் இருக்கிற வாடை.

கடையநல்லூர் பழசு | செவ்வாய், காலை 11.30

அந்தக் காலத்தில் டேங்க் ஒழுகினால் துணி சோப்பை நனைக்காமல் தேய்த்து அடைப்போம். நின்றுவிடும். செலவு பத்து ரூபாய். முதலில் அதைச் செய்து பாருங்கள்.

தென்காசி டூல்பெட்டி | செவ்வாய், மதியம் 1.15

அண்ணாச்சி, சோப்பு நிற்கும், ஒத்துக்கொள்கிறேன். பெட்ரோலில் சோப்பு கரையாது, அதனால் பொட்டு ஓட்டையை அடைக்கும். நானே அச்சன்கோவில் காட்டு ரோட்டில் கல் அடித்த டேங்க்குக்குத் தேய்த்து ஊர் வந்து சேர்ந்திருக்கிறேன். அது வீடு வந்து சேர்வதற்கான வைத்தியம். மழைத்தண்ணீர் பட்டால் கரைந்துவிடும், ஐப்பசியில் இங்கே தண்ணீர் படாத வண்டி ஏது? அதோடு தம்பி வண்டியில் எங்கே ஒழுகுகிறது என்றே இன்னும் தெரியவில்லை. எங்கே தேய்ப்பது?

புளியரைக்காரன் | செவ்வாய், இரவு 8.50

அண்ணாச்சி, நீங்கள் கேட்ட எல்லாவற்றையும் பார்த்தேன். மகளையும் மனைவியையும் பஸ்ஸில் அனுப்பிவிட்டு நான் மட்டும் வண்டியில் போனேன்.

காலையில் பானட்டைத் திறந்தால் ஒன்றும் இல்லை. பின் சீட்டில் நல்ல வாடை, குனிந்து மெத்தைக்குப் பக்கத்தில் முகர்ந்தால் இன்னும் அதிகம். டிக்கியில் இடப்பக்க மூலையில் கொஞ்சம்.

வெளிக்காற்று வைத்தால் குறைகிறது. உள்காற்று சுற்றும்படி ஏசி வைத்தால் கூடுகிறது. இத்தனை நாள் மழைக்கு நான் உள்காற்றில்தான் வைத்திருந்தேன்.

வளைவு விஷயம் ஆச்சரியமாக இருந்தது. வலப்பக்கம் ஒடிக்கும் வளைவுகளில்தான் குப்பென்று வருகிறது. இடப்பக்கம் ஒடித்தால் அவ்வளவு இல்லை.

பங்க் பில் எடுத்துப் பார்த்தேன். கையேட்டில் டேங்க் 35 லிட்டர் என்று போட்டிருக்கிறது. போன திங்கள் 36.8 லிட்டர் பிடித்திருக்கிறது. முள் காலிக்கு மேலே இருக்கும்போதே இவ்வளவு. ஆமாம், கன் நின்ற பிறகு "ரவுண்டாகப் போடுங்கள்" என்று நான்தான் சொல்வேன். மலை தாண்டிப் போட வேண்டாமே என்ற எண்ணம்.

பம்ப் இரண்டு வருடம் முன்னால் மாற்றியது. வேறு ஒரு ஊரில், அவசரத்துக்கு.

தென்காசி டூல்பெட்டி | செவ்வாய், இரவு 9.45

தம்பி, இவ்வளவு தெளிவாகச் சொன்னால் மெக்கானிக்குக்கு பாதி வேலை முடிந்தது.

36.8 லிட்டரிலிருந்து ஆரம்பிக்கிறேன். 35 என்று கம்பெனி எழுதுவது, மேலே கொஞ்சம் வெற்றிடம் விட்டுத்தான். பெட்ரோல் சூட்டில் பெருக்கும். பத்து டிகிரி கூடினால் 35 லிட்டர் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு லிட்டர் பெருக்கும். பங்க்கின் பூமிக்கடியிலிருந்து குளிர்ச்சியாக வந்த பெட்ரோல், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் போகிறது. அந்தப் பெருக்கத்துக்கும் ஆவிக்கும் விட்ட இடத்தைத்தான் நீங்கள் ரவுண்டாக நிரப்புகிறீர்கள்.

ஆவி வெளியே போகாமல் இருக்க ஒரு கேனிஸ்டர் உண்டு, உள்ளே கரி. டேங்க் ஆவியை அந்தக் கரி பிடித்து வைத்திருக்கும், இன்ஜின் சூடாக ஓடும்போது பர்ஜ் வால்வ் திறந்து அதை உறிஞ்சி எரித்துவிடும். ஆவிக்காக வைத்த குழாயில் பெட்ரோலே ஏறினால் கரி நனைந்து கெட்டுப்போகும். அதனால் கன் முதல் தடவை நின்றதும் போதும். இதை இன்றிலிருந்தே செய்யுங்கள்.

ஆனால் நிரப்பியதால் மட்டும் காருக்குள் வாடை வந்துவிடாது. நல்ல வண்டியில் பெட்ரோல் தளும்பினாலும் உள்ளே வர வழி இருக்காது. வழி எங்கே என்று பார்க்க வேண்டும். பின் சீட்டில் அதிகம் என்கிறீர்கள், பம்ப்பை ஏற்கெனவே ஒரு தடவை திறந்திருக்கிறார்கள். சீட்டு மெத்தையைத் தூக்கினால் வட்டமான தகடு இருக்கும், அதன் கீழே பம்ப் தலை. கசியாமல் அதை அடைக்கும் ரப்பர் கேஸ்கெட்டில் எனக்கு முழுச் சந்தேகம். வலப்பக்க வளைவு இன்னொரு கேள்வி. வலப்பக்கம் ஒடித்தால் பெட்ரோல் இடப்பக்கம் பாயும். உங்கள் பெட்ரோல் வாய் இடப்பக்கம். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை, டேங்க் கால்வாசிக்குக் கீழே இறங்கிய பிறகு திறக்கச் சொல்லுங்கள். பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓட விட்டு, தானாக நின்ற பிறகுதான் குழாயைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தத்தில் பீச்சும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வையுங்கள். வயர் போட்ட குண்டு பல்பு வேண்டாம். பவுடர் வகைத் தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். சிந்தியதை வாக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சிவிடாதீர்கள், அதன் மோட்டார் பொறி ஒன்று போதும்.

கழுதுருட்டி எஸ்டேட் | புதன், காலை 5.50

தம்பி, இதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு மாதம் தேடிய வாடை இது. ரப்பர் தோட்டத்தில் காடு வெட்டும் மெஷினுக்கு ஆயில் கலந்த பெட்ரோல் வாங்கி, ஐந்து லிட்டர் கேனில் டிக்கியில் வைப்பார் என் வீட்டுக்காரர். கேனை எடுத்துவிட்டோம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஸ்டெப்னி குழிக்குள் சிந்தியது ஸ்பாஞ்சில் ஊறிக் கிடந்தது. மெக்கானிக் குழாய் குழாயாகத் தேடினார். கடைசியில் ஸ்டெப்னியைத் தூக்கியதும் தெரிந்தது.

அப்புறம் ஒரு வார்த்தை. புனலூர்ப் பக்கம் மெக்கானிக்கிடம் போனால் "பெட்ரோல் மணம்" என்றுதான் சொல்வார்கள். மலையாளத்தில் மணம் என்றால் நல்லதும் கெட்டதும் ஒன்றே. என் மாமியார் செங்கோட்டைக்காரர், "பெட்ரோல்ல என்ன மணம் வேண்டிக் கிடக்கு" என்று அந்த மெக்கானிக்கிடமே கேட்டுவிட்டார்.

புளியரைக்காரன் | புதன், இரவு 9.05

அக்கா, ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்தேன். குழி காய்ந்து சுத்தமாக இருக்கிறது. சொன்னதற்கு நன்றி. கேன் எதுவும் நான் ஏற்றுவதில்லை.

கஞ்சிக்கோடு ரப்பர் | வியாழன், இரவு 10.30

நான் பாலக்காட்டுப் பக்கம் ரப்பர் ஹோஸ் செய்யும் ஒரு இடத்தில் தரப் பிரிவில் இருக்கிறேன். ஹோஸ், கேஸ்கெட் மாற்றப் போகிறவர்கள் கடைக்குப் போகும் முன்னால் இதைப் படித்துவிட்டால் நல்லது.

இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். முதலில் 2030க்கு என்று வைத்த இலக்கை 2025க்கு முன்னே கொண்டுவந்தார்கள். 2023 பிப்ரவரியில் விற்பனை தொடங்கியது. 2009 வண்டியின் ரப்பரை வடிவமைத்தபோது இந்தக் கலவை யார் மனதிலும் இல்லை. சாதாரண நைட்ரைல் ரப்பர் எத்தனால் கலந்த பெட்ரோலில் கூடுதலாக உப்பும், ஆவியையும் கூடுதலாகக் கசியவிடும். சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் 20,000 முதல் 30,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டிவரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்ட்டில் சொன்னது.

அதற்காக எல்லா வாடையையும் எத்தனால் தலையில் போட்டுவிடக் கூடாது. எங்களிடம் திரும்பி வரும் ஹோஸ்களில் பெரும்பாலும் பார்ப்பது வயதும் தவறான கிளிப்பும்தான். வார்ம் கிளிப் என்று வரிவரியாக வெட்டிய பட்டி வருமே, அதை இறுக்க இறுக்க ரப்பர் அந்த வெட்டுகளுக்குள் பிதுங்கி அறுபடும். உள்பக்கம் மழமழப்பாக இருக்கிற இன்ஜெக்‌ஷன் கிளிப் கேட்டு வாங்குங்கள்.

ஹோஸ் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். எஸ்ஏஇ ஜே30 என்பது பெட்ரோல் ஹோஸுக்கான தரக் குறியீடு; அதில் ஆர்7 என்றால் குறைந்த அழுத்தத்துக்கு, ஆர்9 என்றால் இன்ஜெக்‌ஷன் அழுத்தத்துக்கு. ஒன்றுமே அச்சடிக்காத கறுப்புக் குழாயைக் கடைக்காரர் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். தண்ணீர்க் குழாய் பெட்ரோலில் ஆறு மாதம் தாங்காது. பெட்ரோல் வாயிலிருந்து டேங்க்குக்கு வரும் தடித்த ஹோஸ் மட்டும் அந்த மாடலுக்கென்று வார்த்து வருவது, அதை அசலாகவே வாங்க வேண்டும்.

புளியரைக்காரன் | ஞாயிறு, மாலை 6.20

திறந்தாயிற்று. இந்தத் தடவை தென்காசியில் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன், நான் பக்கத்திலேயே நின்றேன்.

சீட்டு மெத்தையைத் தூக்கியதுமே வாடை முகத்தில் அடித்தது. தகட்டின் நாலு ஸ்க்ரூவில் இரண்டு இல்லை. கீழே பம்ப் தலையைச் சுற்றிக் கறுப்பாக ஏதோ பிசின் மாதிரி. தொட்டால் பிசுபிசுவென்று உரிந்து வந்தது. இரண்டு வருடம் முன்னால் பம்ப் மாற்றியவர் புது கேஸ்கெட் போடவில்லை. பழையதையே வைத்து, மேலே சிலிகான் பசை தடவியிருக்கிறார். பெட்ரோலில் ஊறிய பழைய கேஸ்கெட் உப்பிவிடுமாம், அது பள்ளத்தில் திரும்ப உட்காராது, அதனால்தான் பசை தடவி அழுத்தியிருப்பார் என்றார் இவர். பசை பெட்ரோலில் ஊறி ஜெல்லி மாதிரி ஆகிவிட்டது.

தலையைச் சுற்றியிருந்த மண்ணையும் பசையையும் துடைத்து, டேங்க்குக்குள் எதுவும் விழாமல் துணி வைத்துச் சுரண்டி எடுக்க ஒரு மணி நேரம். புது கேஸ்கெட் 380 ரூபாய். எட்டு ஸ்க்ரூவையும் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். பசை எதுவும் இல்லை. கூலி 600.

படம் எடுத்து வைத்திருக்கிறேன். மனசுக்கு ரொம்ப நிம்மதி. நாளைக்கு ஃபுல் டேங்க் போட்டுப் பார்க்கிறேன், முதல் கிளிக்கோடு நிறுத்திவிட்டு.

குமுளி டாக்ஸி | ஞாயிறு, இரவு 7.00

சிலிகானைப் பெட்ரோலில் வைப்பதை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். பேக்கெட்டிலேயே பெட்ரோலுக்கு ஆகாது என்று எழுதியிருக்கும். யாரும் படிப்பதில்லை.

புளியரைக்காரன் | திங்கள், இரவு 9.15

வாடை போகவில்லை. பாதி குறைந்திருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. பின் சீட்டில் நேற்று வந்த அளவு இல்லை. ஆனால் எஸ் வளைவில் அதே இடத்தில் அதே வாடை. ஆரியங்காவு செக்போஸ்ட்டில் லாரி வரிசையில் பதினைந்து நிமிடம் நின்றபோது டிக்கிப் பக்கமிருந்து வந்துகொண்டே இருந்தது.

கார்த்திகை பிறந்துவிட்டால் இந்த ரோட்டில் சபரிமலை வண்டிகள் முட்டி நிற்கும். மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும். அதற்குள் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்திருந்தேன். மனைவி வண்டியை விற்றுவிடலாம் என்கிறாள். வாடையோடு இன்னொருவர் குடும்பத்துக்கு எப்படி விற்பது?

தென்காசி டூல்பெட்டி | திங்கள், இரவு 10.00

தம்பி, சோர்ந்துவிடாதீர்கள். பாதி குறைந்தது என்றால் ஒரு கசிவு அடைபட்டது, இன்னொன்று பாக்கி. ஒரே வயதுள்ள ரப்பர் ஒரே சமயத்தில்தான் கிழியும். பின் சீட்டு வாடை பம்ப் தலையிலிருந்து வந்தது. வளைவு வாடையும் டிக்கி மூலை வாடையும் அப்படியே இருக்கின்றன, அவை இரண்டும் இடப்பக்கம். முதல் நாளே நீங்கள் சொன்னதுதான்.

இடப்பக்கப் பின்சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் மட்கார்டையும் கழற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் வாயிலிருந்து இரண்டு குழாய் இறங்கும். தடித்தது பெட்ரோல் போக. அதன் கூடவே விரல் தடிமனில் ஒன்று, அது பிரீதர். பெட்ரோல் இறங்கும்போது டேங்க்குக்குள் இருக்கிற காற்று அது வழியாகத்தான் மேலே வரும். அது அடைத்தால் கன் அடிக்கடி நிற்கும், அது கிழிந்தால் வாடை. டேங்க் நிறைந்து, வண்டி ஏற்றத்தில் மூக்கைத் தூக்கி, வலப்பக்கமும் ஒடித்தால் பெட்ரோல் எங்கே போகும்? பின்னால், இடப்பக்கம். நேராக அந்தக் குழாயின் அடிக்கு.

காய்ந்திருக்கும்போது கிழிசல் கண்ணுக்குத் தெரியாது. கிளிப்பைத் தளர்த்தி நகர்த்தி, ஹோஸை விரலால் வளைத்துப் பாருங்கள். இன்னொன்று, மண் படிந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் சுத்தமாகக் கழுவிவிட்ட மாதிரி இருந்தால் பெட்ரோல் வழிந்த தடம் அதுதான். அதைப் பிடித்துக்கொண்டே மேலே போங்கள்.

அம்பூரி மலை | செவ்வாய், காலை 8.20

இடையில் ஒரு கேள்வி. என்னுடையது டீசல் ஜீப். ஏசி போட்டால் டீசல் வாடை. இதே மாதிரிதானா?

குமுளி டாக்ஸி | செவ்வாய், காலை 9.00

டீசல் என்றால் முதலில் இன்ஜெக்டர் மேலே ஓடுகிற ரிட்டர்ன் பைப்பைப் பாருங்கள் அண்ணே. மெல்லிசு ரப்பர், சூட்டில் வெடித்துவிடும். அடுத்து ஃபில்டர் அடியில் தண்ணீர் திறக்கிற திருகு. டீசல் ஆவியாகிப் போகாது, ஈரமாகவே நிற்கும். அதனால் வெள்ளைத் துணியில் துடைத்துவிட்டு பத்து நிமிடம் ஓட்டினால் புதிதாக எங்கே நனைகிறது என்று தெரியும்.

புளியரைக்காரன் | வியாழன், இரவு 8.30

கிடைத்துவிட்டது!

இன்று லீவு போட்டுவிட்டு வண்டியைக் கொண்டுபோனேன். சக்கரம் கழற்றி மட்கார்டை எடுத்ததும் உள்ளே இரண்டு கை மண். டேங்க்கின் இடப்பக்க ஓரத்தில், அண்ணாச்சி சொன்ன மாதிரியே, சேற்றுக்கு நடுவே விரல் அகலத்துக்கு ஒரு சுத்தமான கோடு. அதைப் பார்த்ததும் மெக்கானிக் ஒன்றும் பேசாமல் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

தடித்த ஹோஸ் மேலே வரிவரியாக வெடித்திருந்தாலும் கசியவில்லை. பிரீதர் ஹோஸ்தான். டேங்க் பக்க முனையில் கிளிப் இருந்த இடத்துக்குச் சரியாக அடியில், கால் சுற்றுக்குக் கிழிசல். கிளிப் மூடியிருந்ததால் வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியவில்லை. வளைத்ததும் வாய் மாதிரித் திறந்தது. கிளிப், கஞ்சிக்கோடு அண்ணன் சொன்ன அதே வரி வெட்டிய வகை. ரப்பர் அந்த வெட்டுகளின் அச்சில்தான் அறுந்திருக்கிறது.

வாடை உள்ளே எப்படி வந்தது என்று கேட்டேன். பின் பம்பருக்கு உள்ளே இடப்பக்கம் ரப்பர் மடல் வைத்த ஒரு துவாரம் இருக்கிறது. கதவைச் சாத்தும்போது உள்காற்று வெளியே போவதற்கு. மடல் விறைத்து மூடாமல் பாதி திறந்து நின்றது. உள்காற்றில் ஏசி ஓடினால் அது வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். நான் அப்படித்தான் வைத்திருந்தேன்.

இரண்டு ஹோஸையும் மாற்றினோம். தடித்தது அசல், 1,150 ரூபாய், தென்காசியில் இல்லை, திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்தது. பிரீதருக்கு ஆர்7 அச்சடித்த ஹோஸ் அரை மீட்டர் 210. மழமழப்பான கிளிப் நாலு. மடலைத் துடைத்துத் திருப்பினோம், இப்போது மூடுகிறது. பர்ஜ் வால்வையும் கழற்றி, கரண்ட் இல்லாமல் காற்றுப் பம்பால் ஊதிப் பார்த்தார், அடைத்துத்தான் நிற்கிறது. கரி கேனிஸ்டரைத் தூக்கிப் பார்த்தோம். கனமாகவும் இல்லை, ஈரமும் இல்லை. தப்பித்தது.

அங்கிருந்தே ஃபுல் டேங்க். முதல் கிளிக், 31.2 லிட்டர். எஸ் வளைவில் இரண்டு தடவை ஏறி இறங்கினேன். இறங்கி நடந்துவிட்டு வந்து முகர்ந்தேன். டிக்கி மூலையில் ஒன்றும் இல்லை.

கழுதுருட்டி எஸ்டேட் | வியாழன், இரவு 9.10

ரொம்பச் சந்தோஷம் தம்பி. பிள்ளை இனி நிம்மதியாக வரட்டும்.

கடையநல்லூர் பழசு | வெள்ளி, காலை 7.40

நல்ல வேலை. கிளிப்புக்கு அடியில் இருக்கிற கிழிசலுக்குச் சோப்பு தேய்க்கவே முடியாது, அது உண்மைதான். டூல்பெட்டி சொன்ன பின்பக்க–முன்பக்க ஃபேன் சோதனையை என் வண்டியிலும் செய்து பார்க்கப் போகிறேன்.

புளியரைக்காரன் | ஞாயிறு, இரவு 8.00

மூன்று நாள் ஆயிற்று. ஓடும்போது வாடை இல்லை. காலையில் கதவைத் திறந்தால் மட்டும் லேசாக, பின் சீட்டுக்குக் கீழே. கேஸ்கெட்டை மறுபடி பார்த்தோம், காய்ந்து சுத்தமாக இருக்கிறது. இது என்ன?

தென்காசி டூல்பெட்டி | ஞாயிறு, இரவு 8.35

பழைய வாடை தம்பி. இரண்டு வருடமாகப் பம்ப் தலையிலிருந்து வந்த ஆவி கார்பெட்டுக்கு அடியில் இருக்கிற மெத்தைப் பஞ்சில் ஏறியிருக்கும். பின் சீட்டையும் கார்பெட்டையும் கழற்றி வெளியே போடுங்கள். சென்ட் அடிக்காதீர்கள். சென்ட் அடித்தால், நாளைக்கு உண்மையாகவே கசிந்தாலும் உங்கள் மூக்குக்குத் தெரியாமல் போகும்.

புளியரைக்காரன் | அடுத்த ஞாயிறு, மாலை 5.30

நாலு நாள் விடாத மழை. நேற்றும் இன்றும்தான் வெயில் வந்தது. கார்பெட்டை மொட்டை மாடியில் திருப்பிப் போட்டுக் காயவைத்தோம். பஞ்சில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வாடை இருந்தது, அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேறு துண்டு வைத்தேன். தகட்டுக்கு நாலு ஸ்க்ரூவும் போட்டாயிற்று, விளிம்பில் புது ரப்பர் வளையமும் வைத்தோம்.

இன்று மாலை மூவரும் ஆரியங்காவு கோயில் வரை போய்வந்தோம். போகும்போது மகள் பின் சீட்டில் தூங்கிவிட்டாள்.

அம்பூரி மலை | திங்கள், காலை 6.45

எனக்கும் ரிட்டர்ன் பைப்தான். மூன்றாவது இன்ஜெக்டர். வெள்ளைத் துணியில் தெரிந்தது. புளியரை அண்ணே, அந்தப் பிரீதர் ஹோஸின் உள்விட்டம் எவ்வளவு? என் மைத்துனர் வண்டியும் அதே வயதுதான், கையோடு மாற்றிவிடலாம் என்று நினைக்கிறோம்.

புளியரைக்காரன் | திங்கள், இரவு 9.00

பழைய துண்டு வீட்டில்தான் இருக்கிறது, அளந்தேன். என்னுடையதில் உள்விட்டம் 12 மில்லிமீட்டர். உங்கள் மைத்துனர் வண்டியில் வேறாக இருக்கலாம், அதனால் பழைய துண்டையே கடைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். உப்பிய முனையில் அளக்காமல், நடுவில் வெட்டி அளக்கச் சொல்லுங்கள்.